மகள் சொராரிட்டி ரஷ்ஷுக்குப் போகிறாள். இந்தச் சேர்க்கை முறையில் நியாயம் இருக்கிறதா?

நித்யா_ஆர் எழுதியது:

எங்கள் மகள் இந்த ஆகஸ்டில் அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்கிறாள். வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய் சொராரிட்டி ரஷ்ஷில், அதாவது மாணவிகள் மட்டுமே இருக்கும் சங்கங்கள் ஆள் எடுக்கும் வாரத்தில், கலந்துகொள்ளப் போகிறேன் என்று எங்களிடம் கேட்காமலே பதிவு செய்து பணமும் கட்டிவிட்டாள். நானும் கணவரும் இங்கே மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர்கள். லேப், நூலகம், நாலு பேர் பகிர்ந்துகொண்ட அபார்ட்மெண்ட், அவ்வளவுதான் எங்கள் கல்லூரி வாழ்க்கை. முகப்பில் கிரேக்க எழுத்து மாட்டிய அந்தச் சங்கங்களின் பெரிய வீடுகளைப் பேருந்திலிருந்து பார்த்ததோடு சரி.

அதனால் கொஞ்சம் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்குகிறது. பெண்களைக் குழு குழுவாக வீடு வீடாக அழைத்துப் போகிறார்களாம், ஒவ்வொரு வீட்டிலும் சில நிமிடம் பேச்சு, அன்று ராத்திரியே அந்த வீட்டுப் பெண்கள் மதிப்பெண் போடுவார்களாம், மறுநாள் காலையில் இன்னின்ன வீடுகள் உன்னைத் திரும்ப அழைத்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் மட்டும் கைக்கு வருமாம். அழைக்காத வீடு ஏன் அழைக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. நாம் எதை எதிர்த்து வளர்ந்தோமோ அந்தப் பெண் பார்க்கும் படலம், ஒரே வாரத்தில், டஜன் கணக்கான வீடுகளில். எனக்கு அப்படித்தான் படுகிறது.

நிறம், பணம், உடம்பு வாகு, அம்மா எந்த வீட்டில் இருந்தாள், பாட்டி எந்த வீட்டில் இருந்தாள் என்று பார்த்துத்தான் எடுக்கிறார்களா? அல்லது வெளியிலிருந்து பார்ப்பதால் எனக்கு அப்படித் தெரிகிறதா? அவளைத் தடுக்கப் போவதில்லை, அவளுக்கு 18 வயது. ஆனால் "என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் அம்மா" என்று ஃபோனில் அழுதால் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். உள்ளே இருந்தவர்கள் யாராவது இருந்தால் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

காவ்யா_மிட்வெஸ்ட் பதில்:

நித்யா அக்கா, நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். மிட்வெஸ்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் சொராரிட்டியில் இருந்தேன், கடைசி வருடம் ஆள் சேர்க்கும் குழுவிலும் இருந்தேன். நீங்கள் பயப்படுவது சரி, ஆனால் நீங்கள் பயப்படுகிற இடம் வேறு, பிரச்சினை இருக்கிற இடம் வேறு.

எல்லோரும் அந்தச் சில நிமிடப் பேச்சைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். என்ன உடுத்துவது, என்ன பேசுவது, எப்படிச் சிரிப்பது என்று. பெரிய வளாகங்களில் முதல் சுற்றில் நீக்கப்படும் பெண்களில் பெரும்பாலோர் விஷயத்தில் முடிவு அவள் வாயைத் திறக்கும் முன்பே ஏறக்குறைய ஆகிவிடுகிறது. காரணம் ஒரு கணக்கு. எந்த வீடு எந்தச் சுற்றில் எத்தனை பேரைத் திரும்ப அழைக்கலாம் என்பதை அந்த வீடு தானாகத் தீர்மானிப்பதில்லை, வளாகத்தில் இந்த வீடுகளுக்கெல்லாம் பொதுவான பான்ஹெலெனிக் அமைப்புதான் எண் கொடுக்கும். முந்தைய வருடங்களில் ஒரு வீடு அழைத்தவர்களில் எவ்வளவு பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து அந்த எண் வருகிறது. எல்லோரும் ஆசைப்படுகிற வீடு என்றால் முதல் நாள் முடிந்ததுமே பெரும் எண்ணிக்கையில் நீக்கியாக வேண்டும். அவ்வளவாகப் பேர் இல்லாத வீடு நிறையப் பேரை அழைத்துக்கொள்ளலாம். கடைசியில் எல்லா வீடுகளுக்கும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் ஆள் சேர வேண்டும், கடைசி சுற்று வரை வந்த பெண் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதுதான் நோக்கம். அது நல்ல நோக்கம், ஓரளவு பலிக்கவும் செய்கிறது.

ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். ஆயிரம், இரண்டாயிரம் பெண்கள் கலந்துகொள்ளும் இடத்தில், ஒரே நாளில், ஒவ்வொருத்தியோடும் சில நிமிடம் பேசிவிட்டு நூற்றுக்கணக்கில் நீக்கு என்றால் எதை வைத்து நீக்குவார்கள்? தாளில் இருப்பதை வைத்துத்தான். பள்ளி ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, முதலில். அதில் எங்கள் வீட்டில் ஒரு எல்லைக்கோடு இருந்தது, அதற்குக் கீழே வந்தால் பேச்சே கிடையாது. அப்புறம் பள்ளியில் என்ன செய்தாள், யார் பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள், இன்ஸ்டாகிராம் எப்படி இருக்கிறது. கடைசியாக, எல்லாவற்றையும் விடப் பெரியது, "இவளை யாருக்காவது தெரியுமா?"

அந்த ஒரு கேள்வியில்தான் எல்லாம் போய்விடுகிறது அக்கா. ஒரே தனியார் பள்ளியில் படித்தவர்கள், ஒரே கோடை முகாமுக்குப் போனவர்கள், ஒரே தேவாலயம், ஒரே புறநகர், அம்மாவின் கல்லூரித் தோழியின் மகள். இவர்களுக்குக் கை தூக்க அறையில் ஒரு ஆள் இருப்பாள். நம் வீட்டுப் பெண்ணுக்கு இருக்க மாட்டாள். நான் இருந்த அறையில் நிறத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. "இவள் நமக்குப் பொருந்துவாள்", "இவளை என்னால் இங்கே கற்பனை செய்ய முடியவில்லை", இவ்வளவுதான் பேச்சு. யாரைக் கற்பனை செய்ய முடிந்தது என்று பார்த்தால் ஏற்கெனவே அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் மாதிரியே இருந்தவர்களை. என்ன காரணம் என்று நான் கேட்டபோது யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அந்த முறையில் இல்லை, ஓட்டு எண்ணிக்கைதான் முக்கியம்.

மாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2020க்குப் பிறகு பல தேசிய அமைப்புகள் லெகசி முன்னுரிமையை, அதாவது அம்மா, பாட்டி, அக்கா உறுப்பினராக இருந்தால் கிடைத்து வந்த சலுகையை எடுத்துவிட்டன. பரிந்துரைக் கடிதம் கட்டாயம் என்பதையும் பல அமைப்புகள் கைவிட்டன. விதி போனது உண்மையிலேயே பெரிய விஷயம். பழக்கம் போக நாளாகும்.

எனக்கு அந்த நாலு வருடங்களில் கிடைத்த தோழிகள் இன்றும் இருக்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். இருந்தும் உங்கள் கேள்விக்கு என் பதில், ஆமாம், நியாயமற்றது.

ராகவன்_கே பதில்:

நான் பல வருடங்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்த்தவன். காவ்யா சொன்னது அத்தனையும் ஏற்கிறேன், ஆனால் "பழக்கம் போக நாளாகும்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த அமைப்புகளின் சரித்திரத்தைப் பார்த்தால் தானாக எதுவும் போனதில்லை, யாராவது வெளியிலிருந்து உலுக்கும் வரை போனதில்லை.

1930களின் தொடக்கத்தில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஒரு யூத மாணவியைச் சேர்க்க மறுத்தார்கள். மறுத்த அதே சொராரிட்டியில் உறுப்பினராக இருந்த மாலி யார்ட் அதை எதிர்த்து இயக்கம் நடத்தினார், கடைசியில் மாணவிகளே ஓட்டுப் போட்டு சொராரிட்டிகளே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அவர்தான் பின்னாளில் அமெரிக்கப் பெண்கள் அமைப்பான நவ்வின் தலைவரானார். 1956இல் கார்னெல், டஃப்ட்ஸ் இரண்டு பல்கலைக்கழகங்களிலும் சிக்மா கப்பா என்ற சொராரிட்டியின் கிளைகள் கறுப்பின மாணவிகளைச் சேர்த்துக்கொண்டன. தேசியத் தலைமை என்ன செய்தது தெரியுமா, அந்தக் கிளைகளையே இடைநீக்கம் செய்தது. மாணவிகள் தயாராக இருந்தார்கள், மேலே இருந்தவர்கள் தயாராக இல்லை.

இதே கதை 57 வருடம் கழித்து அலபாமா பல்கலைக்கழகத்தில் திரும்ப நடந்தது. 2013 செப்டம்பரில் மாணவர் பத்திரிகையான கிரிம்சன் ஒயிட் அதை வெளியே கொண்டுவந்தது. படிப்பில் அத்தனை சிறப்பாக இருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை எடுக்க உறுப்பினர்கள் விரும்பியும் பழைய மாணவிகள் குறுக்கே நின்று தடுத்துவிட்டார்கள் என்று உள்ளே இருந்த பெண்களே பேசினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையைத் திரும்பத் திறக்கச் சொல்லி உத்தரவு போட்டார், மாணவர்களும் பேராசிரியர்களும் வளாகத்தில் ஊர்வலம் போனார்கள், அதற்குப் பிறகுதான் கறுப்பின மாணவிகள் பலருக்கு அழைப்பு போனது. 1963இல் கவர்னர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவர்களை உள்ளே விடாமல் வாசலை மறித்து நின்றது இதே பல்கலைக்கழகத்தில்தான். நடுவில் 50 வருடம் போயிருந்தது.

நிறம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இண்டியானாவில் டிபா பல்கலைக்கழகத்தின் டெல்டா ஸீட்டா கிளையில் ஆள் குறைந்துவிட்டது என்று தேசிய அமைப்பிலிருந்து வந்தவர்கள், இருந்த 35 பேரில் 23 பேரை வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். பருமனாக இருந்த அத்தனை பெண்களும் அந்த 23 பேரில் இருந்தார்கள், அங்கே இருந்த ஒரே கறுப்பினப் பெண்ணும், கொரிய, வியட்நாமியப் பெண்களும் இருந்தார்கள். அமைப்பு தோற்றத்தைப் பார்க்கவில்லை என்று மறுத்தது. பல்கலைக்கழகம் 2007 மார்ச்சில் அந்தச் சொராரிட்டியுடன் உறவையே முறித்துக்கொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள். 1972இல் வந்த டைட்டில் நைன் சட்டம், மத்திய அரசுப் பணம் வாங்கும் கல்லூரிகளில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்றது. 1974இல் இந்தச் சமூகச் சங்கங்களுக்குச் சேர்க்கை விஷயத்தில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதனால் பெண்களை மட்டும் சேர்ப்பது சட்டப்படி சரி. அதில் எனக்கும் பெரிய புகார் இல்லை. என் புகார் வேறு. பல இடங்களில் இந்த வீடுகள் பல்கலைக்கழக நிலத்தில் நிற்கின்றன, பல்கலைக்கழக அலுவலகம் ஒன்று இவற்றுக்காகவே இயங்குகிறது, புதிய மாணவிகளுக்கு அனுப்பும் தகவலிலேயே ரஷ்ஷுக்குப் பதிவு செய்வது எப்படி என்று இருக்கிறது. இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, "நாங்கள் தனியார், யாரை ஏன் நீக்கினோம் என்று சொல்ல மாட்டோம்" என்றால் எப்படி? எத்தனை பேர் பதிவு செய்தார்கள், யார் யார் எந்தச் சுற்றில் விழுந்தார்கள், இன வாரியாக, வருமான வாரியாக ஒவ்வொரு வருடமும் வெளியிடச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும். அதற்கு ஒத்துக்கொள்ளாத கிளைக்கு வளாகத்தில் இடம் கொடுக்கக் கூடாது.

செந்தில்_வி பதில்:

ராகவன் சார், மரியாதையோடு மாறுபடுகிறேன். நாடகக் குழு ஆள் எடுக்கிறது, பாட்டுக் குழு எடுக்கிறது, ரோயிங் அணி எடுக்கிறது, எல்லாரையும் எடுப்பதில்லை, காரணமும் சொல்வதில்லை. யாரோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே மேசையில் சாப்பிட்டு, நாலு வருடம் வாழ்வது என்பதைச் சில இளம்பெண்கள் தாங்களே முடிவு செய்வதில் நமக்கு ஏன் இவ்வளவு கோபம்? ஆண்கள் நிறைந்த கல்லூரிகளில் பெண்களுக்கு உட்கார ஒரு இடம்கூட இல்லாத காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் அவர்களே உருவாக்கிக்கொண்டவை இவற்றில் பல.

மேலிருந்து தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்வர்ட் இருக்கிறது. ஃபைனல் கிளப் என்று சொல்லும், ஆண்கள் மட்டுமே இருந்த பழைய மாணவர் சங்கங்களை உடைக்கத்தான் 2016இல் விதி கொண்டுவந்தார்கள். ஒரே பாலினச் சங்கத்தில் இருந்தால் அணித் தலைவர் ஆக முடியாது, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கிடைக்கும் ரோட்ஸ் உதவித்தொகைக்குக் கல்லூரியின் பரிந்துரை கிடையாது. பணமும் சொந்தக் கட்டடமும் வைத்திருந்த ஆண்கள் கிளப்புகள் தாக்குப் பிடித்தன. சொராரிட்டிகள்தான் முதலில் கலைந்தன, அல்லது ஆண்களையும் சேர்க்க வேண்டியதாயிற்று. 2018 டிசம்பரில் சில சொராரிட்டிகள் வழக்குப் போட்டன, 2020இல் ஹார்வர்ட் விதியையே திரும்பப் பெற்றது. பெண்களுக்கு உதவுவதாகச் சொல்லிப் பெண்களுக்கே நஷ்டம்.

நிற அடிப்படையில் ஒதுக்கினால் தண்டியுங்கள், அதில் இரண்டு பேச்சு இல்லை. மற்றபடி, சில பேருக்குச் சில பேரைப் பிடிக்கும். அதை அநியாயம் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தால் அவர்களுக்கு எங்கே போனாலும் அநியாயமாகத்தான் தெரியும்.

ராகவன்_கே பதில்:

செந்தில், ஹார்வர்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அந்த விதி மோசமாக எழுதப்பட்டது. நானும் தடை கேட்கவில்லை, கணக்குக் கேட்கிறேன். நாடகக் குழுவுக்கு நடிப்பு என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, ரோயிங் அணிக்கு நேரம் என்று ஒன்று இருக்கிறது. "பொருந்துவாள்" என்பதற்கு என்ன அளவுகோல்?

ஷர்மி_ஹூஸ்டன் பதில்:

இந்த விவாதத்தில் ஒரு பக்கம் விட்டுப்போகிறது. நான் ஒரு தெற்காசியச் சொராரிட்டியில் இருந்தவள். 1998இல் ஒரே வருடத்தில் மூன்று தொடங்கின, ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, நியூயார்க்கில் சிக்மா சிக்மா ரோ. ஒருவரை ஒருவர் பார்த்து எழுந்தவை என்று நான் நினைக்கவில்லை. மூன்று ஊர்களிலும் பெண்களுக்கு ஒரே தேவை இருந்திருக்கிறது.

நமக்கு முன்னால் இந்தப் பாதையைப் போட்டவர்கள் கறுப்பினப் பெண்கள். கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, கமலா ஹாரிஸ் இருந்தது அதில்தான். 1913 ஜனவரியில் டெல்டா சிக்மா தீட்டா, தொடங்கிய இரண்டாம் மாதமே அந்தப் பெண்கள் வாஷிங்டனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட ஊர்வலத்தில் நடந்தார்கள். இவர்களுக்கு உறுப்பினராக இருப்பது கல்லூரியோடு முடிவதில்லை, 60 வயதிலும் கூட்டத்துக்குப் போகிறார்கள். இந்தப் பக்கத்தில் வீடு வீடாகப் போகிற ரஷ் வாரமே கிடையாது, சேர்க்கும் முறையே வேறு.

எனக்கு என் சொராரிட்டி நிறையக் கொடுத்தது. ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, பெரிய வீடுகள் இதைச் சாக்காக வைத்துக்கொள்கின்றன, "உங்களுக்குத்தான் உங்களுடையது இருக்கிறதே" என்று என்னிடமே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நாங்கள் வேறு இடம் கட்டிக்கொண்டோம் என்பதற்காக அவர்கள் கதவு மூடியிருந்தது சரியாகிவிடாது. இரண்டு, நாங்களும் ஒதுக்கினோம். கூட்டத்தில் பாதிப் பேச்சு இந்தியில் போகும், பாட்டு, நகைச்சுவை எல்லாம் அதில்தான், நானும் ஒரு ஈழத்துப் பெண்ணும் ஓரமாக உட்கார்ந்திருப்போம். வருகிற புதிய பெண்களில் யார் சட்டென்று ஒட்டிக்கொள்கிறாள் என்று பார்த்து ஓட்டுப் போடுவோம், ஒட்டிக்கொள்வதற்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, காவ்யா சொன்ன அதே "பொருந்துவாள்"தான். அதனால் செந்தில் அண்ணா சொல்வது போல "சிலருக்குச் சிலரைப் பிடிக்கும்" என்று விட்டுவிட என்னால் முடியாது. ஓரத்தில் உட்கார்ந்தவளுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

நித்யா_ஆர் பதில்:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி காவ்யாவின் பதிலை மகளிடம் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். போகத்தான் போகிறாள். செலவு பற்றி யாரும் சொல்லவில்லையே? அதோடு, போவது என்று ஆன பிறகு அவள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

காவ்யா_மிட்வெஸ்ட் பதில்:

செலவை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் அக்கா, ஏனென்றால் பணம்தான் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு வடிகட்டி. அலபாமா மாதிரி இடங்களில் புதிய உறுப்பினர், வீட்டில் தங்காமல் இருந்தாலே, ஒரு செமஸ்டருக்கு 4,000 டாலருக்கு மேல் ஆகிறது. சிறிய வளாகங்களில் இதில் ஒரு பங்குதான் இருக்கும். சந்தா மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். முதல் வருடம் புதிய உறுப்பினர் கட்டணம் தனி. கூட்டத்துக்கு வராவிட்டால் அபராதம் உண்டா, இரண்டாம் வருடம் வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா, தங்காவிட்டாலும் சாப்பாட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா, டி-ஷர்ட், விருந்து, புகைப்படம் எல்லாம் உள்ளடக்கமா என்று கேளுங்கள். ரஷ் சமயத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்டால் குறைவாக நினைப்பார்களோ என்று பெண்கள் கேட்பதில்லை. பல வளாகங்களில் பான்ஹெலெனிக் அலுவலகமே கட்டண விவரத்தைப் போட்டிருக்கும், நீங்கள் அங்கே கேட்டால் எந்த வீட்டுக்கும் தெரியப் போவதில்லை.

அவள் செய்யக்கூடியது என்றால், முதல் சுற்று முடிந்து பட்டியல் வரும்போது பெரிய பேர் வாங்கிய வீடுகள் காணாமல் போயிருந்தால், அது அந்தக் கணக்கின் வேலை, அவள் பேசியதில் ஏதோ குறை என்று இரவெல்லாம் யோசிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மிச்சம் இருக்கும் வீடுகளுக்கு முகம் சுளிக்காமல் போகட்டும். பாதியில் விலகுகிறவர்களில் நிறையப் பேர் தாங்கள் நினைத்த வீடு கிடைக்கவில்லை என்றுதான் விலகுகிறார்கள். கடைசி நாளில் விருப்ப வரிசை எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மட்டும் நன்றாக யோசிக்கச் சொல்லுங்கள். அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். எழுதிக் கொடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்து அவள் வேண்டாம் என்றால், அந்த வளாகத்தில் வேறு பான்ஹெலெனிக் வீட்டில் சேர ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மனசு ஒப்பாத வீட்டின் பெயரை எழுதவே வேண்டாம்.

ரஷ்ஷில் கிடைக்காவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. இடம் மிச்சமிருக்கிற வீடுகள் செமஸ்டர் நடுவிலும் ஆள் சேர்க்கும். அது இத்தனை சடங்கு இல்லாமல் நடக்கும், காபி குடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேச முடியும், இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் உண்மையிலேயே பார்க்க முடியும். எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த பெண்கள்தான் கடைசி வரை நிலைத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள், அங்கே எனக்குத் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். "இவளை யாருக்காவது தெரியுமா" என்று கேட்கும்போது கை தூக்க அவளுக்கும் ஒரு ஆள் இருக்கட்டும்.

ராகவன்_கே பதில்:

காவ்யா, நல்ல மனசோடு சொல்கிறாய் அம்மா, செய். ஆனால் அப்படி ஆள் கிடைக்காத பெண்ணுக்காகத்தான் நான் அந்த எண்களைக் கேட்கிறேன்.